கேட்டால் காட்ட வேண்டிய தாள்

அந்தத் தாளில் கறை நின்றது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, மங்கலான மஞ்சளில், ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அறுபத்தெட்டு வயதில் என்னென்னவோ பார்த்தவன் நான். ஒரு துண்டுத் தாள் என்னை இப்படி உலுக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தாளை நீட்டியவள் பெயர் பாண்டீஸ்வரி. திருநகர் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன். ஆனால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

நான் பேயாண்டி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் துடைக்கப் போனவன், இன்றைக்கு வாடகைக்கு ஓடும் ஏழு காருக்கு முதலாளி. யார் தயவும் கிடையாது. வண்டி தெருமுனை திரும்பும்போதே என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். மதுரையில் பழைய மெக்கானிக் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காதுதான் என்னைக் கவிழ்த்தது.

புதிதாக எடுத்த பெட்ரோல் காரில், பாலம் ஏறும்போது ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. நாக்கிங் என்பார்கள். தீப்பொறி பட்டதும் பெட்ரோல் சீராக எரிய வேண்டும். அப்படி இல்லாமல் உள்ளே தன் பாட்டுக்கு வெடித்தால், பிஸ்டன் மண்டையில் சுத்தியல் அடி விழுந்த மாதிரி. கவனிக்காமல் விட்டால் என்ஜினே போய்விடும். மேட்டில் கியரைக் குறைக்காமல் அழுத்தினாலும் இதே சத்தம் வரும். ஐம்பது வருடமாக நான் பார்த்ததெல்லாம் அந்த வகைதான். அதனால் குற்றத்தை டிரைவர் தலையில் கட்டினேன்.

டிரைவர் நல்லகாமன், பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறவன். பங்கில் பெட்ரோல் போடும்போதே, நாலு பேர் பார்க்க, பிடித்துவிட்டேன்.

"மேட்டுல அஞ்சாவது கியர்ல வச்சு இழுக்குறியாடா?"

"சத்தியமா இல்லய்யா. மூணுலதான் ஏறுனேன்."

"அப்ப என் காது பொய் சொல்லுதா? இந்த மாசத்தோட நின்னுக்க. ஒனக்கு மாட்டு வண்டிதான் லாயக்கு."

பாண்டீஸ்வரி குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

அவள் செக்கானூரணிப் பக்கம். பத்தாவது பாஸ். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். சேலைக்கு மேலே கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கு வந்து நிற்பாள். "ஜீரோ பாத்துக்கங்க" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். இவள், மீட்டரை நாம் பார்க்கிறவரைக்கும் போடவே மாட்டாள். ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டே, "போடு ஆத்தா" என்று கையை ஆட்டினேன். "நீங்க பாக்காமப் போட மாட்டேன்யா" என்று குழாயோடு நின்றாள். பின்னால் ஆறு வண்டி ஹாரன் அடித்தது. நான்தான் தலையைத் திருப்ப வேண்டியதாயிற்று.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மறுபடி அங்கே போனோம். அவள் குழாயை எடுக்காமல் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அய்யா, நல்லகாமண்ணன நெசமாவே நிப்பாட்டப் போறீகளா?"

"ஒனக்கெதுக்குத்தா அந்த வேலை?"

"அந்தச் சுவத்துல ஒரு போர்டு இருக்கே, வாசிச்சிருக்கீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. படிக்காதவன் என்று குத்திக் காட்டுகிறாளோ என்று முறைத்தேன். அவள் குரலை இறக்கினாள். "நாலாவது வரிய மட்டும் வாசிங்க. நீங்க கேட்டா நான் செஞ்சு காட்டணும். நானாச் செஞ்சா எனக்கு வேலை இருக்காது."

இறங்கிப் போய் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாடிக்கையாளர் கேட்டால் ஃபில்டர் தாளில் பெட்ரோலைச் சோதித்துக் காட்டப்படும் என்று எழுதியிருந்தது. ஆறு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் பெட்ரோல் போடுகிறேன்.

"சரி, காட்டு."

குழாயின் வாயைத் துணியால் துடைத்தாள். வட்டமான வெள்ளைத் தாளில் ஒரே ஒரு சொட்டு விட்டாள். "நல்ல பெட்ரோல்னா ரெண்டு நிமிசத்துல தடம் தெரியாமப் பறந்துரும்யா."

நல்லகாமனும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். இரண்டு நிமிடம், மூன்று, ஐந்து. கறை போகவில்லை.

"இருபது நாளாவே வாசம் வேறய்யா" என்றாள். "என்னத்தக் கலக்குறாகன்னு தெரியல."

சத்தம் கேட்க ஆரம்பித்தும் சரியாக இருபது நாள்தான்.

அதற்குள் முதலாளி விக்ரம் கண்ணாடி ரூமிலிருந்து வந்துவிட்டான். என் நண்பனின் மகன். அவன் அப்பா இந்த பங்கைத் திறந்த அன்று தேங்காய் உடைத்தவன் நான். இல்லை என்று அடித்துச் சொல்வான், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"என்ன பெரியப்பா, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருந்தா ஒங்க ஏழு வண்டிக்கும் நல்லதாப் போடச் சொல்லிருப்பேன்ல?"

சொல்கிறேன், கறையைக் கண்ட அதிர்ச்சி பெரிதில்லை. இந்தப் பேச்சுத்தான் என்னை அடித்துப் போட்டது. அப்படியானால் மற்றவன் வண்டி? கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுகிறவன் என்ஜின்?

அவன் அவள் பக்கம் திரும்பினான். "சட்டையக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பு."

"அய்யா கேட்டாரு, காட்டுனேன். கேட்டாக் காட்டணும்னு போர்டு மாட்டுனது நீங்கதான சார்" என்றாள். சட்டையைக் கழற்றி, மடித்து, பம்பு மேலே வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

நல்லகாமன் என்னைப் பார்த்தான். "மாட்டு வண்டிக்குப் பெட்ரோல் தேவையில்லய்யா. அதையே ஓட்டட்டுமா?"

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் இது. அன்றைக்கும் வரவில்லை. வண்டியிலிருந்த சாவியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். மறுநாள் டேங்கைக் காலி செய்து வேறு பெட்ரோல் போட்டு, அதே பாலத்தில் ஏறினான். சத்தம் இல்லை.

அதற்கு முன், அன்றே பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தோம். என் ஆபீசுக்கு வேலைக்கு வா என்றேன்.

"தொறந்த வெளில நின்னு பழகிட்டேன்யா, எனக்கு அது சரிப்படாது. புகார் எழுதிக் குடுங்க. நான் சாட்சி சொல்றேன்."

ஒரு பக்கத்தை எழுத எனக்கு இரண்டு பொழுது ஆயிற்று. கறைத் தாளையும் சேர்த்துக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தார்கள், பெட்ரோலை எடுத்துப் பார்த்தார்கள், பங்கை மூடிப் பூட்டி சீல் வைத்தார்கள். எல்லாரும் அவளுக்குக் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அங்கே வேலை பார்த்த எட்டுப் பேரும் அவளைத்தான் ஏசினார்கள். நாலு மாதம் எந்த பங்கிலும் அவளைச் சேர்க்கவில்லை. போர்டைக் காட்டி முதலாளியையே காட்டிக் குடுக்கிற பொம்பள என்று பேர் பரவிவிட்டது. உண்மையைச் சொன்னவளுக்கு மதுரையில் நிற்க ஒரு பம்பு இல்லை! எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பிறகு நானே கிளம்பினேன். என் ஏழு வண்டியும் உங்களிடமே போடும், அந்தப் பெண் நின்றால் மட்டும் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் சொன்னேன். மூன்று பேர் காபி கொடுத்து அனுப்பினார்கள். நாலாவது ஆள், வண்டியூர்ப் பக்கம், "கேக்குறவகளுக்குத் தைரியமாக் காட்டட்டும்ணே, எனக்கென்ன பயம்?" என்றார்.

அவள் சேர்ந்த அன்று முதல் வண்டி என்னுடையது. புதுச் சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிது.

"ஜீரோ பாத்துக்கங்கய்யா."

"பாத்துக்கிறேன். மொதல்ல அந்தத் தாளக் கொண்டா ஆத்தா."

"என்னையவே சந்தேகப்படுறீகளா?" என்று சிரித்தாள். ஆனாலும் குழாயைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு நீட்டினாள். இரண்டு பேரும் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பெருசு, வண்டிய எடுங்க, எம்புட்டு நேரம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

நான் நகரவில்லை. தாள் இன்னும் காயவில்லை.