ஆழம் போட்டுது

தெப்ராவில் நான் வழக்கமாகக் கார் கழுவக் கொடுக்கும் கடையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை செய்தார். கையில் அகதி அட்டை, முழங்கால்வரை சுருட்டிய சிலுவார், சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்கள். பெயரை நான் கேட்டதே இல்லை. காரைத் துடைத்து முடித்ததும் கால் வைக்கும் இடத்தில் பழைய தமிழ்ப் பேப்பரை விரிப்பார். அதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நின்று படிப்பார். இலங்கைச் செய்தி இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்; காலடியில் போடமாட்டார்.

ஒருநாள் அப்படி ஒரு தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வெளிநாட்டு அரசாங்கம் கவலை தெரிவித்திருந்தது.

“போன வருசம் ‘ஆழ்ந்த கவலை’ எண்டு சொன்னவை,” என்றார். “இப்ப வெறும் கவலை. ஆழம் போட்டுது, தம்பி.”

“ஆழம் போட்டிருக்காங்களா? நல்லதுதானே அண்ணே,” என்றேன், மடையன்.

“போட்டுது எண்டா, போயிட்டுது.” அவர் கோபப்படவில்லை. “சண்டை முடிஞ்ச நாள் ஆமியிட்ட என்ர கையால குடுத்த பிள்ளை. எங்க எண்டு கேட்டுத் தாங்கோ எண்டால், கவலைப்படினம்.”

அந்தத் தாளை என் காலடியில் விரித்தார். பெர்மாஸ் ஜெயாவில் என் வீடுவரை அதன்மேல் கால் வைத்துத்தான் ஓட்டினேன்.

அடுத்த மாதம் போனபோது அவர் எதையும் படிக்கவில்லை. தாளை எடுத்தார், விரித்தார், அடுத்த காருக்குப் போய்விட்டார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, காலடியில் கிடந்ததைக் குனிந்து நான்தான் படித்தேன்.