இருநூறாவது டப்பா

என் வீட்டுக்காரருக்குப் புதையல் துரை என்று பெயர் வைத்தவர்கள் அவருடைய ஆபீஸ்காரர்கள். அவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

கட்டடம் கட்டடமாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு உருளைகளைச் சோதித்துத் தேதி அட்டை கட்டுவது துரையின் உத்தியோகம். கழற்றிப் பார்க்க வேண்டும், அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இவர் அட்டையை மட்டும் கட்டுவார். இதுவரை எங்கும் தீப்பிடிக்கவில்லை. அதையும் தன் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

ஞாயிறு வந்தால் வேறு கிறுக்கு. யாரோ ஒரு டப்பாவை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தை வரைபடத்தில் காட்டும் எண்களை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு தேடிப்போய், உள்ளேயிருக்கும் குட்டி நோட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதில் இது ஒரு விளையாட்டு! என் தங்கை புருஷனும் இதே கேஸ்தான். இதுவரை கண்டுபிடித்த கணக்கில் சகலை நூற்றுத் தொண்ணூற்றெட்டு, இவர் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. வீட்டில் குழாய் ஒழுகுவது ஒரு வருஷமாக இவர் கண்ணில் படவில்லை.

இருநூறாவதற்காகக் கடலோர ஊர் ஒன்றுக்குக் கிளம்பினோம். காரில் நான்தான் விவரத்தைப் படித்தேன். ஒளித்தவர் அந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "வைத்தது என் மகள், ஒன்பது வயதில். நோட்டின் முதல் பக்கம் அவள் எழுதியது. அவள் இப்போது இல்லை. பாறையில் இறங்க என் முழங்கால் விடாது. டப்பா இருக்கும் கடல்சுவரை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அதுவரை அவள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும், அன்றைக்கு மேஸ்திரி எடுத்துத் தருவார். போகிறவர்கள் டப்பா இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் இப்போதே ஆள் வைத்துத் தேடுவேன்."

"பாவங்க," என்றேன்.

"கதையெல்லாம் எதுக்கு? நம்பரைச் சொல்லு."

படிக்கட்டிலிருந்து ஏழாவது கல் என்று குறிப்பு. சுவரில் இரண்டு படிக்கட்டுகள். துரை ஒன்றிலேயே இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தார். "அந்தப் பக்கத்தையும் பாருங்களேன்" என்றேன். "அங்க ஒரே பாசி, வழுக்கும்" என்றார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. கிடைக்கவில்லையென்றால், தொலைந்துபோயிருக்கும் என்று தாங்களாகவே முடிவுகட்டி, புது டப்பா ஒன்றை வைத்து, அதிலேயே கையெழுத்தும் போட்டுவிட்டு, கிடைத்தது என்று எழுதிவிடுவார்கள்.

"உன் மாத்திரை டப்பாவைக் குடு."

"அந்த ஆளு நம்பிக்கிட்டு இருப்பாருங்க."

"நாளைக்குச் சகலை வந்து கண்டுபிடிச்சுட்டா? குடுடி."

மண்டையைப் பிளக்கும் வெயில், பசி வேறு. எப்போதடா வீடு போய்ச் சேர்வோம் என்றிருந்தது. மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டப்பாவைக் கொடுத்தேன். துரை ஒரு சீட்டில் பெயரெழுதி உள்ளே போட்டு, டப்பாவை ஏழாவது கல்லின் இடுக்கில் செருகினார். காரில் ஏறுமுன் பதிவும் போட்டாயிற்று: "முதல் படிக்கட்டு, ஏழாவது கல். டப்பா பத்திரம்." சகலைக்குப் படமும் போனது. வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது, பாதி அவர்மேல், பாதி என்மேல்.

ஐந்தாவது வாரம் ஃபோன் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று துரை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேன். சுவரை இடிச்சு, கல்லையெல்லாம் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. நீங்க எழுதின இடத்துல இருந்துச்சுன்னு மேஸ்திரி ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தாரு. உள்ள ஒரே ஒரு சீட்டு. அதுல உங்க பேரு மட்டுந்தான் இருக்கு சார்."

ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை துரை. "பழசுல தண்ணி பூந்து நைஞ்சு போச்சு சார். அதான் என் செலவுல புதுசா மாத்தி வெச்சேன்."

"அப்படியா! ரொம்ப நல்லதா போச்சு சார்!" அந்த மனிதர் அவசரமாகத் தொடர்ந்தார். "அப்போ பழசு உங்ககிட்டதானே இருக்கு? நைஞ்சிருந்தாலும் பரவால்ல. விலாசம் சொல்லுங்க, இப்பவே பஸ் ஏறிடறேன்."

துரை என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி அனுப்பு என்று சைகை காட்டி, ஃபோனை என் கையில் திணித்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"வராதீங்க," என்றேன். "பழசை நாங்க பாக்கவே இல்லீங்க. அந்த டப்பா என்னோடது."