வெந்நீரில் வளைந்த பிளேட்டு

“மொளைச்ச பல்லு மொளைச்ச எடத்துலதான் நிக்கும். கம்பியக் கட்டி இழுத்தா வர்றதுக்கு அது என்ன வண்டி மாடா?” என்று பெரியப்பா கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆத்தாவோடு திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றுதான் மாட்டிய “பிளேட்டு” வாய்க்குள் இருந்தது. வெளிர்சிவப்பாக மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்த அதில் மருந்துக்கடை வாடை அடித்தது. முன்பற்களுக்குக் குறுக்கே ஓடிய கம்பி நாக்கில் பட்டால் இரும்பின் ருசி. பெரியப்பாவுக்குச் சூடாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எச்சில்தான் ஒழுகியது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

என் மேல்வரிசைப் பற்கள் நான்கு உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. கீழ்வரிசை அவற்றைச் சந்திக்காமல் உள்ளே போய் அண்ணத்தில் குத்தியது. கொய்யாப் பழத்தை எல்லோரும் கடிப்பதுபோல் முன்பல்லால் கடிக்க முடியாது, கடைவாயில் வைத்துத்தான் உடைக்க வேண்டும். பூக்கட்டும்போது நாரைப் பல்லால் அறுக்க வராது. இதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. தெருப் பிள்ளைகள் “தேங்காத்துருவி” என்று கூப்பிட்டதும்கூடப் பழகிவிட்டது. பழகாமல் போனது ஒன்றுதான். உதடு இரண்டும் சேராததால் எனக்குப் “ப”வும் “ம”வும் வராது. கீழுதட்டை மேற்பல்லில் வைத்து எப்படியோ சொல்லிப் பார்ப்பேன். பாதி காற்றாகப் போகும். இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கும்போது, ஒரு வரியில் இரண்டு “ப” வந்தால் போதும், பின் பெஞ்சிலிருந்து சிரிப்பு தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். டீச்சராக வேண்டும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். அதைத் தெரிந்துவைத்திருந்த எங்கள் வகுப்பு டீச்சர் ஒருநாள் அப்பாவை வரச்சொல்லி, “படிப்புல கெட்டிக்காரிங்க. ஆனா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற வாயில சொல்லு சுத்தமா வரணும். திருச்சியில பல்லை நகர்த்தி வைக்கிற டாக்டர் ஒருத்தர் இருக்காரு, கடுதாசி தர்றேன்” என்றார். பல்லை நகர்த்துவார்கள் என்பது அப்பாவுக்கு நம்பக்கூடியதாக இல்லை. டீச்சர் சொன்னதால் சரியென்றார்.

அந்த டாக்டர் ஒரு பழுப்பு மெழுகு வில்லையைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு இளக்கி எடுத்து, அதை என் மேல்வரிசையில் அமுக்கி, பற்களின் அச்சை எடுத்தார். ஆத்தா ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறை போனபோது அந்த அச்சைக் கொண்டு செய்த பிளேட்டை மாட்டிவிட்டு, “ஒன்றரை வருஷம் ஆகுங்க. சாப்பிடறப்ப மட்டும் கழட்டணும், தூங்கும்போதும் போட்டிருக்கணும். மாசம் ஒரு தடவை வந்தா கம்பிய முடுக்கிவிடுவேன்” என்று ஆத்தாவிடம் சொன்னார்.

முடுக்கிய அன்றும் மறுநாளும் சோற்றை மெல்ல முடியாது, கஞ்சிதான். பள்ளிக்கூடத்தில் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. “கடிவாளம், எங்கிட்டுப் போற? லாடம் அடிச்சாச்சா?” என்பார்கள். வீட்டில் வேறு தொல்லை. வாயிலிருந்து எடுத்தால் அது எச்சில் சாமான். ஆத்தா அதை அடுப்படிப் பக்கம் கொண்டுவர விடமாட்டாள். நான் சாப்பிடும் நேரத்தில் அதை வைக்க, மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு கொட்டாங்கச்சி ஒதுக்கியிருந்தாள். நான் சாப்பிட்டு, கொட்டகைக்குப் போய், கழுவி மாட்டிக்கொண்டு வருவேன்.

எட்டாவது மாதம் என்று நினைவு. வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் என் மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று தொட்டன. “மரம்” என்ற சாதாரணச் சொல். நானே திடுக்கிட்டு நிறுத்திவிட்டேன். டீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்தார், “மேல வாசி” என்று கையைக் காட்டினார். பின் பெஞ்சில் சத்தம் இல்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு முதல் நாள் வீடு முழுக்கக் கழுவினார்கள். பண்டபாத்திரமெல்லாம் புளி போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்தாயிற்று. கொல்லையில் நெல் அவிக்க அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல நாளில் எச்சில் சாமானை வாயில் வைத்துக்கொண்டு பொங்கல் வைக்குமிடத்தில் நிற்கக் கூடாது என்பது ஆத்தாவின் கவலை. நான் சாப்பிடக் கழற்றிக் கொட்டாங்கச்சியில் வைத்தபடியே குளிக்கப் போயிருந்த நேரத்தில், எச்சில் போகட்டும் என்று பிளேட்டை எடுத்து, ஒரு சொம்பில் போட்டு, அண்டாவிலிருந்து கொதிநீரை மொண்டு ஊற்றிவிட்டாள். நான் வந்து எடுத்தபோது அது சருகுபோல் ஒரு பக்கம் சுருண்டிருந்தது. எவ்வளவு அழுத்தியும் அண்ணத்தில் உட்காரவில்லை.

“டாக்டரே வெந்நியிலதான போட்டு எடுத்தாரு? நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்” என்றாள் ஆத்தா. அச்செடுக்கும் மெழுகு வேறு, பிளேட்டு வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொங்கலும் அறுப்பும் முடிந்து திருச்சி போகப் பல நாள் ஆகிவிட்டது. அதற்குள் பற்கள் முன்னால் வரத் தொடங்கிவிட்டன. உதட்டை மூடும்போது எனக்குத் தெரிந்தது. டாக்டர் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை தவறிக் கீழ விழுந்துருச்சுங்க” என்றாள் ஆத்தா. கீழே விழுந்தால் உடையும், சுருளாது. அவர் என்னைப் பார்த்தார். நானும் “ஆமா” என்றேன். “மறுபடி மொதல்லேருந்து செய்யணும்மா” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “மாசத்துல ஒரு நாள் ஒங்காத்தாளுக்குக் காட்டு வேலை போகுது, ஒனக்குப் பள்ளிக்கூடம் போகுது. இன்னும் ஒண்ணரை வருசம்னா எட்டாவது பரிச்சை என்னாகும்? பல்லா, படிப்பா? நீயே சொல்லு.”

“படிப்புப்பா” என்றேன். அழவில்லை. அந்தப் பதிலில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. இரண்டும் வேண்டும் என்று சொல்லலாம் என்பதுதான் அப்போது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை.

படித்தேன். டிரெயினிங்கும் முடித்தேன். குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சராகி மூன்று வருடம் ஆகிறது. பற்கள் பழைய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போய்விட்டன. மதியத்துக்கு மேல் கீழ்ப்பற்கள் குத்திக் குத்தி அண்ணம் புண்ணாகிவிடுகிறது. பேசுவதைக் குறைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். சாயங்காலம் வீடு வந்தால் தாடை விண்விண் என்று தெறிக்கிறது, ஒருவரிடமும் வாய் திறக்கத் தோன்றுவதில்லை. இதையும் நான் பெரிதாக நினைக்காமல்தான் இருந்தேன், சென்ற ஆடி மாதம் வரை.

ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “ப” சொல்லச் சொன்னேன். முன்வரிசையிலிருந்த எல்லாக் குழந்தைகளும் கீழுதட்டை மடித்து மேற்பல்லில் வைத்து ஊதினார்கள். குறும்பு இல்லை, கேலி இல்லை. டீச்சர் வாயைப் பார்த்து, டீச்சர் செய்வதுபோலவே, மிகக் கவனமாகச் சொன்னார்கள். நல்ல பற்களும் நன்றாக மூடும் உதடுகளும் உள்ள குழந்தைகள்.

அடுத்த விடுமுறையில் தனியாகத் திருச்சிக்குப் போனேன். பழைய டாக்டர் இல்லை, காலமாகிவிட்டாராம். பன்னிரண்டு வயதில் என் வாயை அச்செடுத்து அவர் சுண்ணாம்பில் வார்த்துவைத்திருந்த பல்வரிசையைக் கேட்டேன். ஆஸ்பத்திரியை இடம் மாற்றியபோது அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பற்கள் எப்படி இருந்தன என்று காட்ட இப்போது எங்கும் ஒன்றுமில்லை. புதிய டாக்டர் இளவயதுக்காரர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “பெரியவங்களுக்கும் செய்யலாங்க. எலும்பு இறுகிட்டதால மெதுவாத்தான் நகரும், ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். முன்பல்லு உள்ள போக இடம் வேணும், அதுக்கு ரெண்டு நல்ல பல்லை எடுக்கணும். எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாது. வீட்டுல கேட்டுட்டு வாங்க” என்றார்.

“கேட்டாச்சுங்க” என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை, மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக, அந்த இரண்டு பற்களையும் எடுத்துவிட்டார்கள்.