பதினாறு பக்கத்துக்காக அருப்புக்கோட்டை

எனக்கு இரண்டு வகைப் புத்தகங்கள்தான் பிடிக்கும்: தன்வரலாறுகள், மனதைக் குழப்பும் மர்ம நாவல்கள். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி நூலகத்தில் எடுத்த மர்ம நாவலில், 192ஆம் பக்கத்தில் ஒருத்தி கிணற்றை எட்டிப் பார்க்கிறாள். புருஷனைத் தள்ளினாளா, இல்லையா? அடுத்த பக்கத்தில் அவள் நர்ஸ் வேலையில் ஓய்வுபெற்று ரோஜாச்செடி வளர்க்கிறாள். பொய் சொல்கிறாள் என்று நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பக்க எண்ணைப் பார்த்தேன். 192க்கு அடுத்து 145! பைண்டிங் செய்தவர், யாரோ ஒரு நர்ஸின் தன்வரலாற்றுக் கடைசிப் பதினாறு பக்கங்களை இதில் வைத்துத் தைத்திருக்கிறார். உண்மையான முடிவு தெரியாமல் எனக்குத் தையலே ஓடவில்லை. அருப்புக்கோட்டை நூலகத்தில் இன்னொரு பிரதி இருப்பதாக எங்கள் ஊர் நூலகத்தில் சொன்னார்கள்.

போன புதன்கிழமை மாதாந்திரக் கரண்ட் கட். எங்கள் தையல் யூனிட்டில் மதியம் இரண்டரைக்கு வந்தால் போதும் என்றார்கள். 9.20க்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே பருத்திக் காடு. 10.15க்கு அருப்புக்கோட்டை. ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய், நடந்தால் பத்து நிமிடம். நடந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நூலகத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நூலகர் அக்கா அதைக் கேட்கவில்லை. “அந்தப் புத்தகமா? அந்தா உக்காந்திருக்காகள்ல, அவுக கையில இருக்கு.”

மடியில் ஹெல்மெட்டோடு ஒருவர், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். கேட்க வாய் வரவில்லை. 12.40க்கு என் பஸ். மணி 11.50 ஆனது.

“என்னம்மா, என்னையவே பாத்துக்கிட்டிருக்க?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நான் இன்னும் எம்பதாம் பக்கமே தாண்டல. சரி, படி. நான் டீ குடிச்சிட்டு வாரேன். ஆனா முடிவ மட்டும் சொல்லிராத தாயி!”

அவர் திரும்பி வரும்போது கடைசி வரியில் இருந்தேன். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். “அந்தப் பக்கம் திரும்பிக்க. ஒன் மூஞ்சியே சொல்லிரும் போல!” துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன்.

போகிறவர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. பழைய புத்தகம் எடுத்தால் முதலில் பக்க எண்களைச் சரிபாருங்கள். முக்கியமாக, வாய் திறந்து கேளுங்கள். நான் ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

12.40 பஸ் கிடைத்தது. முடிவு தெரிந்தும் நிம்மதி இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. பக்கத்து சீட்டில் கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு அக்கா.

“அக்கா, ஒரு கதை சொல்லட்டுமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எங்க எறங்கணும்?”

“ரெட்டியபட்டி.”

“அப்ப மொதல்லருந்தே சொல்லு.”