பிறைக்கு இடமில்லாத படிவம்

கல்முனையில் இருபத்தொரு வருடம் லொறிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் பற்றரி திருத்திய ஷரிபுதீனை, புதிதாக வந்த தரவு நிலையம் வேலைக்கு எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில், நற்பிட்டிமுனை வீட்டில் அவரது மனைவி நுஸ்ரத் வட்டிலப்பம் செய்து அயலுக்கெல்லாம் கொடுத்தாள். கரையோரத்து வங்கிகளினதும் கடைகளினதும் கணினி வேலைகள் எல்லாம் அந்தக் கட்டடத்தினூடாகத்தான் ஓடின. கரண்ட் போனால் தாங்குவதற்குப் பின்னறையில் அலுமாரி அலுமாரியாகப் பற்றரிகள் நின்றன.

தனக்கு அங்கே வேலை இல்லை என்பது மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பற்றரிகள் தண்ணீர் கேட்கவில்லை, அமிலம் கக்கவில்லை. எப்போது நிரப்புவது, எப்போது இறக்குவது என்பதைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொண்டது. கரண்ட் மலிவான நேரத்தில் நிரப்பும். விலை கூடிய பின்னேரத்தில் பற்றரியிலிருந்து கட்டடத்தை ஓட்டும். நோன்பு தொடங்கிய வாரம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பெருநாளுக்கு அடுத்த மாதத்தோடு அவரது பதவி முடிகிறது, இயந்திரமே போதுமாம். ஐம்பத்து நாலு வயதில் வேறு எங்கே போவது? அவருடைய பழைய கடையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று பகல், தலைமை அலுவலகத்திலிருந்து சுஜித்தா அழைத்தாள். பக்கத்து ஊரான காரைதீவுப் பிள்ளை, அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

“நானா, பெருநாள் எண்டைக்கு? படிவத்தில விடுமுறை நாள் போடோணும்.”

“பிறை கண்டா நாளைக்கு. காணாட்டி நாளையிண்டைக்கு.”

“அப்பிடிப் போட ஏலாது நானா. ஒரு திகதிதான் எடுக்கும்.”

“அப்ப சந்திரனுக்கு ஒரு ஈமெயில் போட்டுக் கேளுங்க மகள்.”

அவள் சிரித்துவிட்டு நாளைய திகதியைப் போட்டாள். நாளை விடுமுறையென்றால் இன்று பின்னேரமே ஊர் அடங்கிவிடும், கரண்ட் போகாது என்று இயந்திரம் தீர்மானித்தது. ஆறரைக்குத் தொடங்கி, ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்வரை பற்றரியை இறக்குவதாகத் திரையில் திட்டம் வந்தது.

பிறை பார்க்கும் பின்னேரம் கல்முனை அடங்கியதை எவரும் கண்டதில்லை. உடுப்புக் கடைகள் எல்லாம் வெளிச்சம், வீடுகள் எல்லாம் கேக் சுடும் மின்னடுப்பு, இஸ்திரிப் பெட்டி. வருடா வருடம் கரண்ட் போவதும் அன்றைக்குத்தான். ஷரிபுதீன் சுஜித்தாவை அழைத்தார்.

“ஒண்டையும் தொடாதீங்க நானா. அது மூண்டு மாதத் தரவு படிச்சிருக்கு.”

“அந்த மூண்டு மாதத்தில எத்தின பெருநாள் வந்த?”

அனுமதி தரும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அனுமதியின்றித் தொட்டால் அன்றைக்கே வேலை நீக்கம் என்று பின்னறையின் மின் ஆளிக்கு மேலேயே ஒட்டியிருந்தது. ஷரிபுதீன் பிஸ்மி சொல்லி ஆளியைக் கையியக்கத்துக்குத் திருப்பினார். பற்றரிகள் நிறைந்தபடி நின்றன. அவர் நோன்பு துறந்தார்.

ஏழு பத்துக்கு ஊர் இருண்டது. கட்டடத்தின் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. சரிப்படுத்த ஐம்பது நிமிடம் பிடித்தது. அதுவரை பற்றரிகள் தாங்கின. உள்ளே ஒரு கணினிக்கும் எதுவும் தெரியவில்லை. பிறையும் அன்று தென்படவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. தேவையை முன்கூட்டியே உணர்ந்து இயந்திரம் இருப்பைக் காத்ததாம். ஷரிபுதீனின் பெயர் “மனிதத் தலையீடு: ஒன்று” என்ற வரியில் இருந்தது. சுஜித்தா வெட்கத்தோடு கதைத்தாள்.

“அது உங்களிட்ட இருந்து படிச்சிட்டுது நானா. இனி ஒவ்வொரு வருசமும் இதே திகதியில நிரப்பி வைச்சிருக்கும்.”

“இதே திகதியிலயா? அடுத்த பெருநாள் பதினொரு நாள் முந்தி வருமே மகள்.”

“ஐயோ! பக்கத்து ஊர்ப் பிள்ளை, எனக்கே விளங்காமப் போச்சே. சரி, அட்டவணை ஒண்டு போட்டுக் குடுக்கிறன்.”

“குடுங்க. அதிலயும் ஒரு நாள் முன்னப் பின்ன வரும். அந்த ஒரு நாளுக்கு ஆர் பொறுப்பு?”

இரண்டு கிழமையில் மறு கடிதம் வந்தது. பதவி ஒரு வருடம் நீடிக்கப்படுகிறது. பதவியின் புதுப் பெயர்: விடுமுறைத் திகதி உறுதிப்படுத்தும் அலுவலர். ஆளியைத் தொட்டதற்கான எச்சரிக்கை அதே கடிதத்தின் இரண்டாம் பந்தியில் இருந்தது.

நுஸ்ரத் அதை இரண்டு தரம் வாசித்தாள். “இஞ்சேருங்க, வருசத்துக்கு ரெண்டு பெருநாள்தானே? மிச்ச நாளெல்லாம் என்ன வேல?”

“அது எழுதல்ல. சம்பளம் மட்டும் எல்லா மாசத்துக்கும் எண்டு போட்டிரிக்கி,” என்றார் ஷரிபுதீன்.