பெயர் வெட்டிய பெஞ்சு

தம்பிக்குக் காது குத்திய அன்றுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தவனின் காது மூன்று நாள் விடாமல் சொட்டியது. இவனுக்கு ரத்தம் உறையாது, ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர்.

கீழே விழுந்தால் வெளியே காயமே இருக்காது. முழங்காலுக்குள் ரத்தம் கட்டித் தேங்காய் மாதிரி வீங்கிக்கொள்ளும். துடியலூரில் பஸ் ஏறி, வழியெல்லாம் அவன் அலற, நானும் அம்மாவும் தூக்கிக்கொண்டு போவோம். ஒவ்வொரு தடவையும் புது ரத்தம் ஏற்ற வேண்டும். காதுகுத்துக்குக் கிடா வெட்டியபோது பந்தி பந்தியாக உட்கார்ந்து தின்ற சொந்தபந்தத்துக்கெல்லாம், ரத்தம் என்றதும் தோட்டத்தில் வேலை வந்துவிடும்.

டாக்டர் ஒருநாள் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். "ரத்தம் மட்டும் போதாதும்மா. ரத்தத்துல இருந்து பிளாஸ்மாவைப் பிரிச்சு ஐஸா உறைய வைக்கப் பெட்டி வேணும். கூப்பிட்டா வர்றதுக்கு ஆளுங்க வேணும். மடங்கின காலை நிமித்தி விட, பல்லைப் பாக்க ஆள் வேணும். வருஷா வருஷம் செலவு இருக்கு. இவனை மாதிரி இன்னும் நாலு பையனுங்க வர்றாங்க. பெரிய மனுஷங்க யாரையாவது கேட்டுப் பாருங்க."

எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷர் மில் முதலாளி. அப்பா அவர் மில்லில் பஞ்சைச் சுவாசித்தே இருமிச் செத்தவர். முதலாளி வீட்டில் காபி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் 'இல்லை' என்பதையும் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"ஏனுங்கம்மா, ரத்தம் உள்ள போயிட்டா கண்ணுக்குத் தெரியாதுங்களே. வருசா வருசம் குடுத்துட்டே இருக்கோணும். எங்கய்யன் பேரு நெலைச்சு நிக்கற மாதிரி எதாச்சும் செஞ்சுபோடறனுங்க."

செய்துபோட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கடப்பைக்கல் பெஞ்சு. சாய்கிற பக்கம் முழுக்கச் செத்துப்போன அவர் அப்பாவின் பெயர். திறப்பு விழாவுக்கு மேளம், மாலை, சந்தனம். கேட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் என்று எங்களையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அம்மா கை தட்டினாள். நானும் தட்டினேன்.

ஒன்பது வயதில் தம்பிக்குப் பல் விழுந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் விழுகிற பல்தான். இரண்டு நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை, ரத்தமும் இல்லை. ஆள் பிடித்துவர அம்மா மில் வாசலுக்கு ஓடினாள். அவனை அந்தப் பெஞ்சில் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வாயைத் துடைக்கத் துடைக்க என் தாவணி நனைந்தது. அவன் கல்லில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஏனுங்க்கா, இவருதான் எனக்கு ரத்தம் குடுக்கறவருங்களா?"

"ஆமா கண்ணு."

"வாராருங்களா?"

"வந்துட்டே இருக்காரு" என்றேன்.

அவன் நம்பினான். வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மா ஒருத்தரும் கிடைக்காமல் திரும்பி வந்தபோது உயிர் போயிருந்தது. கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.