அந்தம்மா என்ன சொல்றாங்க?

வீட்டிலேயே போட்டுப் பார்ப்பதற்கான பட டிஸ்க்குகளை விற்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் வக்கீல்களின் வாயையும் சாட்சிகளின் வாயையும் விரலால் துரத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு, காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் ஓடும் வரிகளை எழுதித் தரும் வேலை கிடைத்தது. பேசுவதைக் கேட்க வேண்டும், அதை இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும், படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டு விநாடியாவது அவகாசம் கொடுக்க வேண்டும். மகள் கல்யாணமாகிப் போனதும் சும்மா கிடந்த அறையில் ஒரு கணினியும் ஹெட்ஃபோனும் வந்து உட்கார்ந்தன. ஒலியைப் பின்னுக்கு ஓட்ட, காலால் மிதிக்கும் ஒரு கட்டையும் மேஜைக்கு அடியில் இருந்தது.

எழுதி முடித்ததை முதலில் பார்ப்பவர் அவள் வீட்டுக்காரர். தகரத்தில் மூடி அடிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அவருக்கே தெரியாது. "எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசியிருக்கார் பாரு" என்று ஒருநாள் ரகசியமாகச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அவள் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை.

ஒருமுறை கம்பெனியிலிருந்து இரண்டு வேலை ஒன்றாக வந்தது. ஒன்று, கோல்ஃப் சாம்பியன் போட்டிகளின் தொகுப்பு, மூன்று டிஸ்க். மற்றொன்று, நாற்பது வருடத்துக்கு முன்னால் தலைநகரில் நடந்த புரட்சியைப் பற்றிய படம், நான்கு பாகம்.

"எப்படிம்மா ரெண்டும் ஒண்ணா?" என்று அவள் மேலாளர் அம்மாளிடம் போனில் கேட்டாள்.

"விடுமுறைக்கு வீட்ல உக்காந்து பாக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரியா இருக்காங்க? அப்பாவுக்குப் புல்லு, பிள்ளைக்குப் புரட்சி" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "கோல்ஃப முதல்ல முடிச்சுக் குடுங்க. அதுல பேச்சே கிடையாது."

அது உண்மைதான். பச்சைப் பசேலென்ற மைதானம், நடக்கிறார்கள், நிற்கிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள். வர்ணனையாளர்கள்கூடக் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் ஒரு வரி எழுதுவாள், பிறகு அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் டிஸ்க்கை முடித்து வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினாள். "மெதுவான குரலில்" என்று வரிக்கு வரி வருவதைப் பார்த்து அவர் திரும்பினார்.

"ஏன் மெதுவா பேசறாங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அவள் அவர் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோய், "ஆடறவருக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதாம்" என்றாள்.

"அட! அப்ப அங்க எல்லாருக்கும் என் கதிதானா?" அவருக்கு ஒரே குஷி. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். "அந்த நெட்டையன் பந்துகூடப் பேசறான். நீ எழுதாம விட்டுட்டே."

"என்ன பேசறார்?"

"நில்லு, நில்லு, எங்கடா போறேன்னு கெஞ்சறான்."

அவள் நம்பவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலியை முழுக்க ஏற்றினாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே, முனகல் போல, அதே வார்த்தைகள். பந்து நிற்காமல் உருண்டு மணல் குழியில் விழுந்தது. அவள் அந்த வரியைச் சேர்த்து அனுப்பினாள். மேலாளர், "இந்த ஒரு வரிக்காகவே நான் முழுசா பாத்தேன்" என்று போன் செய்தாள்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் சும்மா ரசிகராக இல்லை. உதடு பார்க்கும் உத்தியோகத்தில் தானாகவே சேர்ந்துவிட்டார்.

அடுத்து புரட்சிப் படம். இதில் மூச்சுவிட நேரமில்லை. முழக்கம், ஒலிபெருக்கி, ஓட்டம், நடுநடுவே கம்பீரமான ஒரு பின்னணிக் குரல். மூன்றாம் பாகத்தில்தான் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காட்சி வருகிறது. நட்டநடுப் பகலில் ஊர்வலம் போகிறது. ஓரமாக ஒரு பெண் ஓடிவந்து, இரண்டு செருப்பையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறாள், வாய் திறந்திருக்கிறது. "அதிகாரத்தின் முகத்தில் ஒரு தாய் தன் செருப்பை உயர்த்தினாள்" என்கிறது பின்னணிக் குரல். பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட அந்தப் படம் உண்டு. டிஸ்க்கின் அட்டையிலும் அவள்தான்.

பின்னணிக் குரல் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு அவள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள். மறுநாள் போட்டுக் காட்டியபோது வீட்டுக்காரர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"கோஷம் போடறாங்க."

"இல்ல. திரும்பப் போடு." மூன்று தடவை பார்த்தார். "போட்டுக்கிட்டுப் போ. போட்டுக்கிட்டுப் போடா. வாய் அப்படித்தான் போகுது."

அவள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் காலில் செருப்பு இருந்தது. கையில் தூக்கிய ஜோடி வேறு, பெரிய சைஸ், ஆண்பிள்ளைச் செருப்பு.

இருந்தாலும் உதட்டை மட்டும் நம்பி எழுதிவிட முடியுமா? சாட்சி சொல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது, சொன்ன ஒரு சொல்லையும் விடக் கூடாது என்பது அவள் கையில் ஊறிப்போன பழக்கம். பின்னணிக் குரல் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த ஒலி எங்கேயாவது இருக்குமா என்று மேலாளரைக் கேட்டாள். எட்டு நாள் கழித்து அது வந்தது. மிதிகட்டையை மிதித்து மிதித்து, முழக்கத்துக்கு அடியில் தேடினாள். பதினைந்தாவது தடவையோ என்னவோ, அகப்பட்டது.

"தார் கொதிக்குதுடா! போட்டுக்கிட்டுப் போ!"

மேலாளருக்குத் தர்மசங்கடம். "அட்டையெல்லாம் அச்சாயிடுச்சேம்மா. இப்பப் போய் அது கோபம் இல்ல, வெறுங்காலோட போற பையனுக்குச் செருப்பு குடுக்க வந்தாங்கன்னு சொன்னா..."

"நான் எதையும் மாத்தலம்மா. பின்னணிக் குரலுக்கு மேல் வரி, அந்தம்மாவுக்குக் கீழ் வரி. ரெண்டு பேரும் பேசறாங்க, ரெண்டையும் எழுதறேன். அவ்வளவுதான்."

"படம் எடுத்தவரக் கேக்காம நான் கை வைக்க முடியாது."

படம் எடுத்தவர் எண்பதைத் தாண்டிய மனிதர். மேலாளர் சொன்னதைக் கேட்டு அவரே டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் செய்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்து அவள் நின்றுகொண்டே பேசினாள். அவர் அந்த ஒலியைப் போடச் சொன்னார். அவள் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள். போட்டாள், மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார்.

"கேமரா என் தோள்லதான் இருந்துச்சு. அவங்களுக்கும் எனக்கும் பத்தடி" என்றார் கடைசியில். "அந்த இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்கல. கோபமா இருக்காங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். நாங்க எல்லாருமே கோபமா இருந்தோம் இல்லையா." பிறகு, "அந்த வரிய எடுத்துடாதீங்க. அட்டைய நான் பேசிக்கறேன்" என்றார்.

அட்டை மாறவில்லை, அதை மாற்ற நேரமில்லை. வரி மட்டும் இருந்தது. டிஸ்க் வெளியான மாதம், கீழ் வரியைப் படித்ததும் தன் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள் என்று ஒரு பெண் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. மேலாளர் அதைப் படித்துக் காட்ட, டைப்பிஸ்ட் அம்மா "சரிம்மா" என்றாள்.

படம் எடுத்தவர் மட்டும் இன்னொரு தடவை கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான். "அந்தப் பையன் செருப்ப வாங்கிக்கிட்டானா? எனக்கு ஞாபகமே இல்ல. பாத்துச் சொல்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். உயர்ந்த கை, செருப்பு, கூட்டத்திலிருந்து நீளும் இன்னொரு கை. அதற்குள் கேமரா ஒரு கொடியின் பக்கம் திரும்பிவிட்டது.

"கை நீட்டினான்னு சொல்லு" என்றார் அவர், தெரு முழுக்கக் கேட்கும் குரலில். "அது போதும் அவருக்கு."

அவள் போனை எடுத்தாள்.